கொடியிறக்கம்

அமெரிக்க நெடுஞ்சாலையோரம் ஒரு விடுதி. நேற்றுவரை பெரிய நிறுவனமொன்றின் பெயர் அதன் நெற்றியில் இருந்தது. இன்று கிரேன் வந்து பலகையைக் கழற்றுகிறது. கட்டில் அதேதான், வரவேற்பு மேசையில் நிற்பவரும் அதே ஆள்தான். கட்டடம் என்றைக்குமே உள்ளூர் முதலாளியுடையதுதான். அப்படியானால் எது வெளியேறுகிறது?

அங்கே விடுதித் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பெயரைக் ‘கொடி’ என்கிறார்கள். ஃபிரான்சைஸ் எடுத்தவர் அந்தக் கொடிக்கு வாடகை கட்டுகிறார்: ராயல்டி, விளம்பரப் பங்கு, முன்பதிவுக் கட்டணம். நம் கோயில் திருவிழாவைப் போல இங்கும் கொடியேற்றம் உண்டு, இறக்கமும் உண்டு.

கொடிக்கு ஏன் இந்த மதிப்பு? 1951இல் குடும்பத்தோடு காரில் வாஷிங்டன் போன கெம்மன்ஸ் வில்சன், வழிநெடுக விடுதிகளில் பட்ட பாட்டில் நொந்துபோய், மறு ஆண்டே மெம்ஃபிஸில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். ஊர் ஊராக அதே பெயர் முளைத்தபின், பச்சையும் மஞ்சளுமாக மின்னும் அந்தப் பிரம்மாண்டப் பலகையைத் தூரத்தில் கண்டாலே போதும், உள்ளே அறை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

இதன் பொருளாதாரத்தைப் பிடித்துக் காட்டியவர் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை கெட்டுப்போகும் என்று, பழைய கார் விற்பனையை உதாரணமாக வைத்து 1970இல் எழுதினார். அதற்கு மாற்று மருந்துகளில் ஒன்றாக, ஒரே பெயரில் பல ஊர்களில் இயங்கும் சங்கிலி விடுதிகளையும் குறிப்பிட்டார். யோசித்துப் பாருங்கள்: ஓர் இரவு தங்கிப் போகிறவர் அந்த ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை. அவரை ஏமாற்றினால் தனி முதலாளிக்கு என்ன நஷ்டம்? சங்கிலிக்கோ நஷ்டம் உண்டு. அடுத்த மாநிலத்தில் அதே பலகையைக் கண்டதும் அவர் காரை நிறுத்தாமல் போய்விடுவார். அந்தப் பயத்தில்தான் நிறுவனம் ஆளனுப்பிக் குளியலறைத் துண்டுவரை சோதிக்கிறது.

பலகையைவிடக் கனமானவை கண்ணுக்குத் தெரியாத இழைகள். ஹாலிடே இன் 1965இலேயே ஹோலிடெக்ஸ் என்ற கணினி முன்பதிவு வலையை விரித்தது. இன்று கொடி இறங்கும் நாளில் மைய முன்பதிவு அறுபடும். சங்கிலியின் சலுகைப் புள்ளிகளைச் சேர்க்கும் உறுப்பினர்கள் வேறு கதவைத் தட்டுவார்கள். சாவி அட்டைமுதல் சோப்பு உறைவரை பழைய பெயர் எங்கும் தென்படக் கூடாது.

இவ்வளவையும் துணிந்து இழக்க ஒருவர் ஏன் முன்வருகிறார்? டெக்ஸஸ் மாநில விடுதிகளின் வருமானக் கணக்குகளை அலசிய ஆய்வாளர் பிரெட் ஹாலன்பெக், சங்கிலியில் இருப்பதால் கிடைத்த கூடுதல் வருமானம் 2000க்கும் 2015க்கும் இடையில் பாதிக்கு மேல் கரைந்ததைக் கண்டார். இணைய விமர்சனங்களே முக்கியக் காரணம் என்பது அவர் முடிவு. பலகை செய்த வேலையை, முன்பு தங்கிப் போன முகம் தெரியாத யாரோ கைப்பேசியில் தட்டிய நான்கு வரி செய்துவிடுகிறது. வாடகையும் இல்லை.

ஆனால் பழைய கொடி லேசில் மறைவதில்லை. ஹோவர்ட் ஜான்சன் சங்கிலி தன் ஆரஞ்சு நிறக் கூரைக்குப் பேர்போனது. அதிலிருந்து பிரிந்த கட்டடங்களில் கூரைக்கு வேறு வண்ணம் அடித்தார்கள். அந்தக் காலத்தில் பின்னிருக்கையில் உட்கார்ந்து பயணித்த பிள்ளைகள் இன்று முதியவர்கள். கூரையின் சரிவைப் பார்த்தே அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.