நீங்கள் நின்றால் அது நெருங்கி வரும்



மழை ஓய்ந்து பல மாதங்களாகி, அருவியாறு மெலிந்து, மணல் திட்டுகள் வெளிப்பட்டிருக்கும் ஒரு விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். கரையில் உயிரே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். சற்றுப் பொறுத்திருந்து பார்த்தால், கூழாங்கற்களுள் ஒன்று ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், மீண்டும் ஓடும். கழுத்திலே கறுப்புப் பட்டியும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் கொண்ட அந்தச் சிறு பறவையின் பெயர் பட்டாணி உப்புக்கொத்தி. அதன் நிறை ஏறத்தாழ 40 கிராம் மாத்திரமே.

நீரோரத்தில் ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டு நடப்பது உள்ளான். இன்னும் சிறியதான கொசு உள்ளானோ, பனி சூழ்ந்த ஆர்ட்டிக் பிரதேசத்தில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து நமது நீர்நிலைகளை நாடி வருவது. இவற்றைப் படம் பிடிக்க விரும்பும் பலர் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுள் ஒருவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர்களுக்காகவே இவ்வாரம் சில வார்த்தைகள்.

நின்றபடி எடுத்த படத்தில் பறவை நமது காலடியில் கிடக்கும் ஒரு பொருள் போலவே தெரியும். மணலில் குப்புறப் படுத்து, கமராவை ஒரு மணற்பையின் மீது வைத்து, பறவையின் கண் மட்டத்திற்கு வில்லையைத் தாழ்த்திப் பாருங்கள். அப்பொழுது பின்னணி மங்கிப்போக, பறவை தன் உலகத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கும். கதிரவன் உங்கள் முதுகுப்புறம் தாழ்ந்திருக்கும் காலைப் பொழுதே ஏற்றது. ஓடும் கால்கள் தெளிவாகப் பதிய, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். குவியம் கண்ணின் மீதே இருக்கட்டும்.

இவை யாவற்றினும் மேலானது பொறுமை. நீங்கள் துரத்தினால் பறவை விலகும்; அசையாது கிடந்தாலோ, இரை தேடியவாறு அதுவே உங்களை நோக்கி வரும். இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட், செரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892 ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய பறவைக் கூடொன்றைப் படம் பிடித்தார்கள். புகைப்படங்களைக் கொண்டே விளக்கப்பட்ட அவர்களது நூல் 1895 இல் வெளிவந்தது. பறவைகளை அச்சுறுத்தாதிருக்க, மாட்டுத் தோலால் ஒரு பொய் மாட்டைச் செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தும் அவர்கள் படம் எடுத்தார்கள். பாரமான கமராவோடு மாட்டின் வயிற்றுக்குள் காத்திருந்தவர்களை நினைத்தால், நமது அரைமணி நேரக் காத்திருப்பு பெரிதல்லவே.

ஆயினும் பொறுமை நல்ல படத்திற்காக மட்டும் வேண்டப்படுவதன்று. அதிலே உயிர்கள் தங்கியிருக்கின்றன. வடக்கே திரும்பிச் செல்லவிருக்கும் கொசு உள்ளான், வழிப்பயணத்திற்கான கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்வதற்காகவே பகலெல்லாம் சேற்றைக் கொத்துகிறது. நாம் அதைக் கிளப்பும் ஒவ்வொரு தடவையும், அது தேடிச் சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகிறது. பறக்கும் படம் ஒன்றுக்காகக் கூட்டத்தின் மீது கல்லெறிவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பட்டாணி உப்புக்கொத்தியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அது கூடு கட்டுவதில்லை. மணலிலே ஒரு சிறு குழி. அதில் கல்லோடு கல்லாக மூன்று நான்கு முட்டைகள். தாயும் தந்தையும் மாறி மாறி மூன்று வாரங்களுக்கு மேலாக அவற்றைக் காக்கின்றன. வெயில் ஏறியபின் அவை சூடு கொடுப்பதற்காக அல்ல, நிழல் கொடுப்பதற்காகவே முட்டைகளின் மேல் நிற்கின்றன. அந்த நிழல் சிறிது நேரம் விலகினாலும் உள்ளிருக்கும் கருவின் உயிருக்கு ஆபத்து.

ஒரு நாள் அப்பறவை உங்கள் முன்னால் வந்து, சிறகு முறிந்ததுபோல் மணலில் புரண்டு தடுமாறக்கூடும். எவ்வளவு அருமையான படம் என்று உள்ளம் துள்ளும். ஆனால், அது காயப்பட்ட பறவையன்று. தன் முட்டைகளிடமிருந்தோ குஞ்சுகளிடமிருந்தோ உங்களை விலக்கி அழைத்துச் செல்வதற்காகத் தன்னையே இரையாகக் காட்டும் பெற்றோர். ஊரார் நன்கறிந்த ஆட்காட்டி கூவி எச்சரிப்பதும் பெரும்பாலும் இதற்காகவே. அப்பொழுது கமராவைத் தாழ்த்துங்கள். காலடியை நன்றாகப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். படம் தெளிவாக விழவேண்டும் என்று முட்டையருகே உள்ள கல்லையோ புல்லையோ அகற்றாதீர்கள். அவையே அதன் மறைவிடம். மணலோடு மணலாய்ப் பதுங்கியிருக்கும் குஞ்சைக் கையில் எடுக்காதீர்கள். அவ்விடம் எதுவென்று கைத்தொலைபேசியில் ஊருக்கெல்லாம் அறிவிக்கவும் வேண்டாம்.

நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, நெருங்கிச் சென்று துன்பப்படுத்துவது மனிதரிடத்திலும் நாம் செய்யும் தவறுதானே! எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அறிவதும் அன்பின் ஒரு பகுதி. அந்தத் தூரத்தைப் பறவையே நமக்குச் சொல்லித் தரும். கொத்துவதை நிறுத்தித் தலையை உயர்த்துமானால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். மீண்டும் குனிந்து இரை தேடத் தொடங்குமானால், உங்களை ஏற்றுக்கொண்டது.

ஆகவே, அடுத்த முறை ஆற்றங்கரையிலிருந்து வீடு திரும்புமுன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நீங்கள் வந்தபோது இருந்த இடத்திலேயே அந்தப் பறவை இன்னும் இரை தேடிக்கொண்டிருந்தால், அன்றைய உங்கள் படம் நல்ல படம்.