டிவி சுவருக்குப் பேனல்: சதுர அடி ரேட்டை மட்டும் பார்க்காதீங்க!

ரீல்ஸ்ல பார்த்த மாதிரி ஹால் சுவர் நம்ம வீட்டுலயும் வேணும்னு ஆசைப்படுறது தப்பில்ல. ஆனா ‘சதுர அடி 100 ரூபாய்தான்’னு சொன்னதும் தலையாட்டிடாதீங்க.

10 அடி அகலம், 9 அடி உயரம்னா 90 சதுர அடி. வெட்டும்போது வீணாகிறதுக்கு 10 சதவீதம் சேர்த்தா 99. அதாவது 9,900 ரூபாய். இது வெறும் பேனல் விலை. பசை, பீடிங், ஃபிட்டிங் கூலி, வண்டி வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்க. அந்த மொத்தம்தான் உண்மையான ரேட்.

மிச்சம் பிடிக்க: டிவிக்குப் பின்னாடி 5 அடி அகலம் மட்டும் பேனல், மீதிக்குப் பெயிண்ட். பேனல் செலவு பாதியாகிடும். சுவர்ல ஓதம் இருந்தா முதல்ல அதைச் சரிபண்ணுங்க. பேனல் ஒட்டினா ஓதம் மறையும், போகாது.

நோ காஸ்ட் இஎம்ஐ: கிரெடிட் கார்டுல வட்டியைத் தள்ளுபடியா கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையிலதான். வட்டி 1,500 ரூபாய்னா வரி 270.

வாடகை வீடா? ஓனர் சம்மதத்தை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. ஒட்டின பேனலைப் பிரிச்சா பெயிண்டும் பட்டியும் சேர்ந்து வரும். காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிப்பாங்க. மொத்தச் செலவு 15,000 ரூபாய்னு வைங்க. 11 மாசத்துல காலி பண்ணினா, மாசம் 1,364 ரூபாய் கூடுதல் வாடகை கட்டின மாதிரி.

அதனால மாசம் 2,500 வீதம் 6 மாசம் ஆர்டி போடுங்க. 15,000 கைக்கு வந்த பிறகும் அந்தச் சுவர் வேணும்னு தோணினா, தாராளமா பண்ணுங்க!