மலைமுகட்டில் ஒரு கான்கிரீட் வீடு

பனாமா கால்வாயை நீந்திக் கடந்து, கப்பல்களைப்போல் தன் எடைக்கும் 36 சென்ட் சுங்கம் கட்டியவர் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிச்சர்டு ஹாலிபர்ட்டன். யானைமேல் ஏறி ஆல்ப்ஸ் மலைக்குப் போனவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் வீடு கட்டச் சமதரையையா தேடுவார்? கலிஃபோர்னியாவின் லகுனா பீச்சில், ஒரு பக்கம் பசிபிக் கடலும் மறுபக்கம் அலிசோ பள்ளத்தாக்கும் தெரியும் குறுகலான மலைமுகட்டை வாங்கினார்.

வரைபடம் போட்டவர் வில்லியம் அலெக்சாண்டர் லெவி. படிப்பை முடித்து அதிக காலம் ஆகாத இளைஞர். தட்டைக் கூரை, கண்ணாடிக் கல் பதித்த நடைக்கூடம், மற்றபடி எல்லாம் கான்கிரீட்டும் எஃகும். 1937இல் வேலை தொடங்கியது. ஹாலிபர்ட்டன் ஊர் ஊராகச் சொற்பொழிவுக்குப் போக, நண்பர் பால் மூனி மேற்பார்வை பார்த்தார். செலவு எஸ்டிமேட்டைத் தாண்டி ஓடியது.

பணம் எங்கே போனது? முதலில், சிமென்ட்டும் கம்பியும் மேலே போக மலையில் பாதை வெட்ட வேண்டும். அடுத்தது தாங்குசுவர். சரிவில் உள்ள மண் எப்போதும் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் மண்ணின் எடை கூடும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரும் சேர்ந்து தள்ளும். அதனால் அடிப்பாகம் வலுவாக இருந்தால் மட்டும் போதாது, நீர் வடிய வழியும் வேண்டும்.

விளிம்பைத் தாண்டித் தளம் நீண்டால் இன்னொரு சிக்கல். நம் வீட்டுச் சன்ஷேடும் இதே கணக்கில்தான் நிற்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் முனை கீழே தொங்கப் பார்க்கும்போது, அதன் மேற்பரப்பு இழுபடும், அடிப்பரப்பு நசுங்கும். நசுக்கினால் கான்கிரீட் தாங்கும். இழுத்தாலோ அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும், உடனே விரிசல் விடும். ஆகவே இங்கே முக்கியக் கம்பிகளை மேல்பக்கம் கட்ட வேண்டும். இரு முனையிலும் சுவர்மேல் உட்காரும் சாதாரணத் தளத்துக்கு அவை அடிப்பக்கம் வரும். இதை மாற்றிக் கட்டினால் முட்டு பிரித்த அன்றே தளம் விழக்கூடும்.

இதில் இயற்கை செய்த உதவியும் உண்டு. வெயிலில் எஃகும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன. அப்படி இல்லாவிட்டால், கம்பியே கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்துவிடும்.

1939 மார்ச்சில் ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சீனப் பாய்மரக் கப்பலில் கிளம்பிய ஹாலிபர்ட்டனும் மூனியும் புயலில் காணாமல் போனார்கள். ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டில் ஹாலிபர்ட்டன் வாழ்ந்த நாட்கள் கொஞ்சமே. பார்ப்பவர் கண் கூரையிலும் கண்ணாடியிலும்தான் நிற்கும். வீட்டை நிற்க வைத்திருப்பதோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போட்ட காசு.