படித்துறைக்குப் போக வழி உண்டா?

ஆற்றை யாராலும் பூட்ட முடியாது. ஆற்றுக்குப் போகிற பாதையைப் பூட்டிவிடலாம். முதல் வருஷம் பாதையோரம் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போடுவார்கள். அடுத்த வருஷம் கம்பிவேலி வரும். அப்புறம் ஓர் இரும்புக் கேட். விசாரித்தால் "பட்டா நிலம்" என்பார்கள். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட ஊர்களில் இதைப் பலர் கவனிப்பதுகூட இல்லை. மாடு குளிப்பாட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், தூண்டில் போடுகிறவர், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர் ஆகியோருக்குத்தான் முதலில் தெரியும். மற்றவர்களுக்கு ஆடிப்பெருக்கன்றோ தை அமாவாசையன்றோதான் உறைக்கிறது. அன்றைக்குக் கேட்டின் முன் நின்று சத்தம் போட்டுவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறோம்.

தாமிரபரணியில் பாபநாசம், குறுக்குத்துறை போன்ற பேர்பெற்ற துறைகளுக்கு இந்தக் கவலை குறைவு. சின்ன ஊர்களின் துறைகள்தாம் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன.

இந்த விஷயத்தில் சட்டம் நம் பக்கம்தான். 1905ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இரண்டாம் பிரிவில், பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை ஆகியவற்றையும் ஆறு, ஓடை, வாய்க்கால்களின் படுகையையும் சேர்த்தே சொல்லி, வேறொருவர் உரிமையை நிரூபித்தால் ஒழிய அவை அரசின் சொத்து என்கிறது. பலர் மனுவில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தை எழுதிவிடுகிறார்கள். அது ஏரி, குளங்களுக்கு வந்த சட்டம். ஆற்றுப் புறம்போக்குக்கு 1905 சட்டத்தையே குறிப்பிடுங்கள்.

அரசின் சொத்து என்பதால் அரசு யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுத்துவிடவும் முடியாது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றோரம் ஒரு விடுதிக்கு வனநிலத்தைக் குத்தகைக்கு விட்ட வழக்கில், ஆறு போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு மக்கள் சார்பில் அறங்காவலர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொல்லிக் குத்தகையை ரத்து செய்தது. மனுவில் இந்தத் தீர்ப்பை ஒரு வரி சேர்ப்பது நல்லது.

வேலியில்லாமலும் ஒரு துறையை அடைக்கலாம். இன்ன தெருக்காரர் இந்தப் படியில் இறங்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டு அடைத்த வரலாறு நமக்கு உண்டு. அதனால்தான் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு படித்துறையையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட படித்துறையில் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்க முடியாது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் ஆற்றையோ படித்துறையையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தெளிவான குற்றம். இதற்கு மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போகலாம்.

வேலிக்கு வருவோம். முதல் வேலை காகிதம் சேர்ப்பது. பாதை போகும் நிலங்களின் புல எண்களைக் கண்டுபிடித்து, அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பல ஊர்களுக்கு இவை கிடைக்கின்றன. இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். அ-பதிவேட்டில் வண்டிப்பாதை, ஆறு, புறம்போக்கு என்று வகைப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் பாதையின் அகலத்துக்கு அளவு கொடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அலுவலகத்தில் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பழைய புகைப்படம், ஊர்த் திருவிழா அழைப்பிதழ், அந்தப் பாதையில் நடந்து வளர்ந்த பெரியவர்களின் கையெழுத்து எல்லாமே சான்றுதான். பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

காகிதம் கையில் வந்தபின் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஆற்றுப் பேச்சுக்குப் பொருத்தமான நாள். தீர்மான நகலோடு தாசில்தாரிடம் நில அளவை செய்து ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்கலாம். நகலை நீர்வளத் துறைக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல் உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. பொதுமக்கள் பயன்படுத்துகிற வழி, ஆறு, வாய்க்கால் ஆகியவற்றில் உள்ள தடையை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். எதிர்த்தரப்பு "இங்கே பொதுவழியே கிடையாது" என்று மறுத்து நம்பத்தகுந்த சான்றும் காட்டிவிட்டால், சிவில் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அந்த நடவடிக்கை நின்றுவிடும். காகிதத்தை முதலில் சேருங்கள் என்று இத்தனை அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். பாதை உண்மையிலேயே பட்டா நிலத்துக்குள் போய், பதிவேட்டிலும் இல்லாவிட்டால், நெடுநாள் வழக்கத்தை நிரூபிக்கச் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பொதுத் தொல்லைக்கு எதிராக இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போட, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு முன் நிலக்காரரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. வரப்போரம் நாலடி விட்டுக் கொடுத்து எழுதித் தர அவர் சம்மதித்தால், வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவது மிச்சம். கேட்டை உடைக்கப் போகாதீர்கள். உடைத்த அன்றே நீங்கள் குற்றவாளி, அவர் புகார்தாரர்.

நகரத்தில் தடை வேறு மாதிரி வருகிறது. மதுரையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வைகைக் கரையில் சாலையும் தடுப்புச் சுவரும் எழுந்தன. அழகுபடுத்தல் என்ற பெயரில் வரும் எந்தத் திட்டத்திலும் இத்தனை மீட்டருக்கு ஓர் இறங்குபடி, முதியவருக்குச் சாய்தளம் என்று வரைபட நிலையிலேயே கேட்டு வாங்க வேண்டும். கான்கிரீட் காய்ந்தபின் கேட்டுப் பயனில்லை.

பாதை திறந்துவிட்டால் பொறுப்பும் கூடவே வரும். மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடப்பவர் அடுத்த அடியில் மூழ்கிவிடுவார். அணை திறக்கும்போது தண்ணீர் சில நிமிடத்தில் ஏறும். துறை தோறும் ஆழம் குறித்த பலகை, கைப்பிடிச் சங்கிலி, மிதவை கட்டிய நீளக் கயிறு இருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்க வேண்டாம். கயிறோ வேட்டியோ வீசட்டும், 112க்கு அழைக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளம் பார்த்த தாமிரபரணிக் கரை ஊர்கள், இடிந்த படிகளைச் சரி பார்க்காமல் இறங்கவே கூடாது. ஊரே சேர்ந்து படி கட்டுவது நல்ல எண்ணம்தான். ஆனால் நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் படுகையில் சிமென்ட் போட்டால் அதுவும் ஆக்கிரமிப்புதான்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை மூட்டை மூட்டையாக அள்ள வேண்டியிருக்கிறது. ஆற்றில் துணியை விட்டால் பாவம் போகும் என்று எந்த ஊர்ப் பெரியவர் சொன்னாரோ தெரியவில்லை. படிக்கட்டில் சோப்பு உறையும் ஷாம்பு பாக்கெட்டும் கிடக்கும்வரை, "உங்களுக்கு எதற்குப் பாதை?" என்று வேலி போட்டவர் கேட்டால் நம்மால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது.

உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை எந்தத் தேதியில் என்று பாருங்கள். அதற்குள் ஆற்றுப் பாதையின் புல எண்ணைக் கண்டுபிடித்து, புலப்பட நகலோடு போய் உட்காருங்கள்.