30 நாள் கெடு இல்லாத கிடங்கு

ஜாவா நிரலெழுதப் பயன்படுத்தும் எக்ளிப்ஸ் உறைந்துபோய் 'அவுட் ஆஃப் மெமரி' என்றதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: எக்ளிப்ஸ்.ஐஎன்ஐ கோப்பைத் திறந்து மெமரியின் உச்சவரம்பான எக்ஸ்எம்எக்ஸ் அளவை இரட்டிப்பாக்குவது. சில நாள் நிம்மதி, பிறகு அதே பிழை. இடம் தீர்ந்தது என்று சொல்லும் அந்தச் செய்தி, இடத்தை அடைத்தது யார் என்று சொல்வதில்லை. கடைசியாக இடம் கேட்டு ஏமாந்த வரியைத்தான் காட்டுகிறது. பெரும்பாலும் அந்த வரி ஒரு பாவமும் அறியாதது.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டெய்னர் யார்டு நிரம்பிவிட்டால் அடுத்து வரும் கப்பலின் பெட்டியை இறக்க வழியிராது. அதற்கு அந்தக் கப்பலைக் குறை சொல்ல மாட்டோம். தேங்கிய சரக்குக்கு அங்கே ஒரு கெடு உண்டு. இறக்கிய 30 நாளுக்குள் எடுக்கப்படாத இறக்குமதிச் சரக்கை, உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்றுவிடலாம் என்கிறது 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவு. மெமரியில் தேவையற்ற பொருள்களை அகற்றும் ஜாவாவின் கார்பேஜ் கலெக்டருக்கு (ஜிசி) இப்படி ஒரு அதிகாரமே கிடையாது. ஒரு பொருள் எத்தனை நாளாகக் கிடக்கிறது, யாராவது தொட்டார்களா என்று அது பார்ப்பதில்லை. ஓடும் நிரலிலிருந்து அந்தப் பொருளை எட்ட ஒரு சாதாரண ரெஃபரன்ஸ் மிச்சமிருந்தால் போதும், கை வைக்காது. ஸ்டாடிக் ஹேஷ்மேப் ஒன்றில் போட்டு மறந்த பொருள், நாமே நீக்காதவரை அசையாது. பேரலல் கலெக்டர் என்ற ஜிசி வகையில் இதைக் கண்கூடாகக் காணலாம்: ஏறக்குறைய 98 சதவீத நேரம் பெருக்கியும் 2 சதவீத இடம்கூட மீளாவிட்டால், 'ஜிசி ஓவர்ஹெட் லிமிட்' என்று கைவிரித்துவிடும்.

பெரிய புராஜெக்டுக்கு உண்மையிலேயே கூடுதல் மெமரி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் ஜாவா நிரலை ஓட்டும் எந்த ஜேவிஎம்முக்கு? எக்ளிப்ஸ், பில்ட் கருவியான கிரேடில், நாம் ஓட்டும் நிரல் மூன்றும் பொதுவாகத் தனித்தனி ஜேவிஎம்கள். ஐஎன்ஐ கோப்பில் கூட்டியது நம் நிரலுக்குப் போய்ச் சேராது. முழு ஜிசி முடிந்தபின் மிஞ்சும் அளவைக் கவனித்தால், இடம் போதவில்லையா, கசிகிறதா என்பது தெரியும். அது ஒரே மட்டத்தில் நின்றால் தயங்காமல் இடத்தைக் கூட்டலாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதும் படிப்படியாக ஏறினால் அது கசிவு. அங்கே எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டுவது நோயைத் தள்ளிப்போடுவதுதான். மெமரியின் நகலான ஹீப் டம்ப் எடுத்துப் பார்க்காமலேயே ரேம் வாங்க ஓடுகிற பழக்கம் வருத்தம் தருகிறது. எக்ளிப்ஸின் மெமரி அனலைசர் இலவசம். டம்ப்பை அதில் திறந்து, டாமினேட்டர் ட்ரீயில் முதலில் நிற்கும் பொருளின்மேல் வலது கிளிக் செய்து, 'பாத் டு ஜிசி ரூட்ஸ்' கேளுங்கள். அதை விடாமல் பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ் சங்கிலி திரையில் வரும்.