குல்மார்க் பனிச்சாய்வுகள்: நல்ல தடத்தைத் தேர்வது எவ்வாறு?

காஷ்மீரத்தின் பாராமுல்லா மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் குல்மார்க் அமைந்துள்ளது. 'மலர்ப் புல்வெளி' என்பது அப்பெயரின் பொருள். கோடையில் பெயருக்கேற்ற தோற்றம் கொண்டு விளங்கும் இவ்விடம், குளிர்காலத்தில் நாட்டின் முதன்மையான பனிச்சறுக்குக் களமாக மாறுகின்றது. 1927-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் இங்கே ஒரு பனிச்சறுக்குக் கழகத்தை நிறுவினர். 1998-இல் குல்மார்க்கிலிருந்து கொங்தூரி வரையிலும், 2005-இல் கொங்தூரியிலிருந்து அபர்வத் மலைத்தோள் வரையிலும் கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டது. அதன் மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. முன்னாளில் அரை நாள் ஏறியும் அடைய அரிதாயிருந்த உயரத்தை இன்று புதிதாக வந்தவரும் சில நிமிடங்களில் அடைந்துவிடுகின்றார்.

இந்த எளிமையே ஒரு கேள்வியை எழுப்புகின்றது. சறுக்குக் களங்களில் இயந்திரத்தால் பனியை அழுத்திச் சமன்செய்து, எல்லையிட்டு, கண்காணிக்கப்படும் தடங்கள் உண்டு. அவற்றிற்கு அப்பால், எவரும் தொடாத பனி மூடிய சாய்வுகளும் உண்டு. தேர்ந்த வீரர்கள் நாடி வருவது இவ்விரண்டாம் வகையையே. முன்பின் அறியாத மலையில் இத்தகைய சாய்வுகளுள் சிறந்ததை எங்ஙனம் கண்டறிவது? விடையை ஒரே வாக்கியத்தில் கூறிவிடலாம்: பனி எங்கே கிடக்கின்றது என்று மட்டும் பாராமல், அது எவ்வாறு அங்கே வந்து சேர்ந்தது என்று ஆராய வேண்டும். ஏனெனில், நல்ல பனியைச் சேர்க்கும் காரணங்களே பல வேளைகளில் ஆபத்தையும் சேர்க்கின்றன.

காற்றின் வேலை

காஷ்மீரத்தின் குளிர்காலப் பனிப்பொழிவு பெரும்பாலும் மத்தியதரைக் கடற்புறத்திலிருந்து கிழக்கு நோக்கி வரும் மேற்கத்தியக் காற்றுக் கலக்கங்களால் உண்டாவது. வானிலிருந்து விழும் பனி விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. காற்று வீசும் பக்கத்துச் சாய்விலிருந்து பனித்துகள்களை வாரி, மலைமுகட்டைத் தாண்டி, மறுபக்கத்து ஒதுக்கில் கொட்டுகின்றது. ஆகவே முகட்டின் ஒரு பக்கத்தில் கல்லும் கட்டிப்பனியும் வெளிப்பட்டிருக்க, மறுபக்கத்தில் இடுப்பளவு பனி குவிந்திருக்கக் காணலாம். முகட்டின் விளிம்பில் கூரையின் இறவாரம் போல் பனி நீட்டிக்கொண்டிருப்பின், அது நீண்டிருக்கும் திசையே காற்று சென்ற திசையாகும். புதியவர் முதலில் பார்க்க வேண்டிய அடையாளம் இதுவே.

இனி, ஒதுக்குப் பக்கத்தில் சேர்ந்த இப்பனியின் தன்மையைக் கவனிப்போம். காற்றில் மோதுண்ட துகள்கள் நுண்ணியவாய் உடைந்து, நெருங்கிப் பொருந்தி, ஒரே பலகை போல் இறுகிவிடுகின்றன. மேலே மென்மையாகத் தோன்றும் இப்பலகை கீழுள்ள படலத்தோடு சரிவரப் பிணையாதிருப்பின், ஒரு மனிதனின் எடையே அதனைப் பெயர்த்துவிடப் போதுமானது. பனிச்சரிவில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலோர், தாமோ தம்முடன் வந்தவரோ தூண்டிவிட்ட சரிவிலேயே சிக்குகின்றனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

சூரியனும் நிழலும்

நம் நாடு வட கோளத்தில் உள்ளமையால், தெற்கு நோக்கிய சாய்வுகள் வெயிலை மிகுதியாகப் பெறுகின்றன. பகலில் இளகி இரவில் உறையும் பனி மேலே ஓடு கட்டிக்கொள்ளும். வடக்கு நோக்கிய நிழற்சாய்வுகளில் பனி பல நாட்கள் உலர்ந்து, பொடியாகவே இருக்கும். ஆகையால் பனி பெய்து சில நாட்கள் கழிந்த பின்னர் நல்ல பனியைத் தேடுவோர் நிழலை நாடுதல் முறை. ஆயினும் நிழற்சாய்வில் குளிர் நீடிப்பதனால், வலுவற்ற படலங்களும் அங்கே நீண்ட நாள் அழியாது கிடக்கும். இளவேனிலில் நிலைமை மாறும். அப்போது வெயிற்சாய்வின் ஓடு காலையில் சற்றே இளகும் வேளை சறுக்குதற்கு இனியது. நண்பகலுக்குப் பின் அதே சாய்வு நீரூறிச் சரியக்கூடும்.

அடியில் மறைந்திருக்கும் படலம்

பனி மூடிய நிலத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 0 டிகிரி செல்சியசில் இருக்கும். மேலே காற்று -15 டிகிரியாகவும், பனியின் ஆழம் அரை மீட்டராகவும் இருப்பதாகக் கொள்வோம். அவ்வாறாயின் மீட்டருக்கு 30 டிகிரி வீதம் வெப்பநிலை வேறுபடுகின்றது. இவ்வேறுபாடு மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைக் கடக்கும்போது, நீராவி கீழிருந்து மேலேறிப் படிந்து, பனித்துகள்களைக் கோணமுள்ள மணிகளாக மாற்றுகின்றது. இம்மணிகள் சர்க்கரை போல் ஒன்றோடொன்று ஒட்டாதவை. குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவாகப் பெய்து, வானம் தெளிந்து, கடுங்குளிர் நிலவினால் இப்படலம் உருவாகும். அதன்மேல் பிற்பாடு பெரும் பனி பெய்யுமாயின், சர்க்கரை மேல் கட்டிய சுவரை ஒக்கும். வாரம் ஒன்றில் வந்து செல்பவர் இதனைக் கண்ணால் காண இயலாது. குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருந்து கவனித்தவரே அறிவர்.

சாய்வின் கோணம்

பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 பாகை முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் தொடங்குகின்றன. 38 பாகையை ஒட்டிய சாய்வுகளில் அவை மிகுதி. சறுக்கு வீரர் விரும்பும் சாய்வும் இதே எல்லைக்குள் அடங்குவது துரதிர்ஷ்டமே. 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் சரிவு தொடங்குவது அரிது. ஆனால் அதற்கு மேலே செங்குத்தான சாய்வு இருப்பின், கீழே நிற்பவர் தப்பினார் என்று கூற இயலாது.

இவை வெறும் ஏட்டுக் கருத்துக்கள் அல்ல. 2010 பிப்ரவரியில் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த இராணுவ வீரர் பதினைவருக்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் உயிரிழந்தனர். 2023 பிப்ரவரியில் அபர்வத் மலையிலும், 2024 பிப்ரவரியில் கிலன்மார்க் பகுதியிலும் தடத்திற்கு அப்பால் சறுக்கிய வெளிநாட்டினர் மாண்டனர்.

முதல் நாளில் செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றால், புதிய மலைக்கு வந்தவர் கைக்கொள்ளத்தக்க முறை தெளிவாகும்.

முதலாவது, முன்னறிவிப்பைப் படித்தல். 1969-இல் மணாலியில் தொடங்கப்பட்ட பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், 2020-இல் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. இமயமலைப் பகுதிகளுக்கான பனிச்சரிவு எச்சரிக்கைகள் இந்நிறுவனத்தால் வெளியிடப்படுகின்றன. ஆபத்தின் அளவை ஐந்து படிகளாகக் குறிப்பது உலக வழக்கு. மூன்றாம் படியை 'நடுத்தரம்' என்று எண்ணி அலட்சியம் செய்தல் தவறு. ஐரோப்பாவில் சறுக்குவோரின் இறப்புக்களில் பெரும் பங்கு அப்படியில்தான் நேருகின்றது.

இரண்டாவது, உள்ளூராரைக் கேட்டல். ரோந்துப் பணியாளரிடமும் வழிகாட்டியிடமும் "எங்கே பனி நன்றாக உள்ளது?" என்று மட்டும் கேட்டல் போதாது. "கடைசியாகக் காற்று எத்திசையில் வீசியது? இவ்வாரம் எச்சாய்வு சரிந்தது? நீங்கள் இன்று எங்கே போக மாட்டீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியே பயன் மிக்கது.

மூன்றாவது, கீழிருந்து நோக்குதல். மரங்களின் மேற்புறக் கிளைகள் மட்டும் முறிந்திருப்பின், அவ்வழியே முன்பு பனி இறங்கியுள்ளது என்று அறிக. சாய்வு எங்கே முடிகின்றது, அடியில் ஓடையோ பள்ளமோ உண்டா, திரும்பும் வழி யாது என்பனவற்றையும் காண்க.

நான்காவது, கண்காணிக்கப்படும் பகுதியில் முதலில் சறுக்கி, எந்தத் திசைச் சாய்வில் எவ்வகைப் பனி உள்ளது என்று குறித்துக்கொண்டு, பின்னர் வழிகாட்டியுடன் 30 பாகைக்குக் குறைந்த நிழற்சாய்வைத் தேர்தல். காலடியில் 'தொம்' என்னும் ஓசை எழுந்தாலும், பனியில் விரிசல் ஓடினாலும் உடனே விலக வேண்டும். ஒருவர் பின் ஒருவராகவே இறங்க வேண்டும். 457 கிலோஹெர்ட்சில் இயங்கும் சைகைக் கருவி, துழாவும் கம்பு, சிறு மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் அவசியம். புதையுண்டவரை முதல் பத்து நிமிடங்களில் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அரைமணி கடந்தால் வெகுவாகக் குறையும். ஆகவே காப்பாற்றக் கூடியவர் அருகில் நிற்கும் தோழரேயன்றி, ஊரிலிருந்து வரும் குழுவினர் அல்லர்.

வகுப்பறையிலும் வெளிக்களத்திலும்

பனியைக் காணாத மாணவர்க்கும் இதனை விளக்கலாம். ஒரு பலகையில் சொரசொரப்பான துணியை விரித்து, ஒரு பாதியில் மாவை மட்டும் அழுத்திப் பரப்புக. மறுபாதியில் சர்க்கரையைத் தூவி, அதன்மேல் அதே கனத்திற்கு மாவைப் பரப்புக. பலகையை மெல்லச் சாய்த்தால் சர்க்கரையின் மீதுள்ள மாவு முந்திச் சரியக் காணலாம். கோணமானியின் மையத்தில் நூலும் சிறு எடையும் கட்டி, அதன் நேர்விளிம்பைப் பலகையோடு ஒட்டிப் பிடித்தால், நூல் 90 பாகைக் குறியிலிருந்து விலகும் அளவே சாய்வின் கோணம்.

குளிர்காலத்தில் இமயமலையில் நில அளவைக்கும், மின்கம்பி பழுதுபார்ப்பதற்கும், வனப் பணிக்கும் செல்லும் ஊழியர்க்கு இச்சிறு கருவியும் மேற்கூறிய கேள்விகளும் அவ்வாறே பயன்படும். சறுக்கு வீரர் நாடுவது இன்பம்; ஊழியர் ஆற்றுவது கடமை. பனிக்கோ இவ்விருவரும் ஒன்றே. ஐயம் எழுந்த சாய்வினின்று திரும்பி வந்தவர், அம்மலையை நன்கு பயின்றவர் ஆவார்.