எஜமானர் மாறிய கதை

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். உத்தியோகம் போய்விட்டால் லட்சணமும் கூடவே போய்விடுமா என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லக் காணோம். 2014-ம் வருஷக் கடைசியில், ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் நகரத்து நண்பர்கள் சிலருக்கு இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டிய அவசியம் நேர்ந்தது. எட்டு வருஷமாக அவர்கள் நடத்தி வந்த டெலிவிஷன் நிகழ்ச்சி அந்த டிசம்பர் மாதத்தோடு முடிவடைந்தது. ஒளிபரப்பிய ஸ்தாபனத்துக்கு அது வேண்டாமற் போய்விட்டது. பார்த்து வந்த ஜனங்களுக்கோ அது வேண்டித்தான் இருந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு உண்மையான எஜமானர் யார், ஒளிபரப்புகிறவரா, பார்க்கிறவரா? இந்தக் கேள்விக்கு விடையைப் பேச்சினால் சொல்லாமல் காரியத்தில் காட்டியவர்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அந்த நண்பர்களில் ஒருவர் டானியல் புடிமான். அபிமானிகள் சுருக்கமாகப் "புடி" என்று அழைப்பார்கள். அவருடைய தொழில், வீடியோ விளையாட்டுகளைப் பற்றி டெலிவிஷனில் பேசுவது. "இதுவும் ஒரு தொழிலா?" என்று நேயர்களில் சிலர் புருவத்தை உயர்த்தக் கூடும். பள்ளிக்கூடப் பாடத்தை மூடி வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயற்கையே. ஆனால் சங்கீதத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள் அல்லவா? உலகெங்கும் கோடிக்கணக்கான பேர் பொழுதைச் செலவிடும் ஒரு புதுக் கேளிக்கையில் நல்லது எது, பணத்துக்குக் கேடு எது என்று எடுத்துச் சொல்லவும் ஆட்கள் வேண்டித்தானே இருக்கிறது?

புடிமான் இந்த வித்தையைப் பயின்ற இடம் "கீகா" என்னும் ஒளிபரப்பு. 1998-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, என்.பி.சி. ஐரோப்பா என்ற அலைவரிசையில், ட்யூஸல்டார்ஃப் நகரத்திலிருந்து அது தொடங்கியது. அக்காலத்து டெலிவிஷனுக்கு ஒரு குணம் உண்டு. அது பேசிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் பதில் சொல்ல வழி கிடையாது. கீகாவில் அந்த வழக்கம் தளர்ந்தது. வீட்டிலிருப்பவர்கள் இணையத்தின் மூலம் எழுதியனுப்பினார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் அதை அங்கேயே படித்து, அங்கேயே பதில் சொன்னார். புடிமானும் அவருடைய கூட்டாளி சிமோன் க்ரெட்ஷ்மரும், பார்ப்பவரைக் கண்ணுக்குத் தெரியாத கும்பலாகக் கருதாமல் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதராகப் பாவிக்கும் பழக்கத்தை இங்கேதான் கற்றார்கள். பின்னால் அவர்களைக் காப்பாற்றியது இந்தப் பழக்கந்தான்.

2006-ம் வருஷத்தில் இருவரும் எம்.டி.வி.யின் ஜெர்மன் கிளைக்குப் போய், "கேம் ஒன்" என்ற வார நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். புதிய விளையாட்டுகளைப் பற்றிய விமர்சனத்தோடு, சிறு சிறு ஹாஸ்யக் காட்சிகளையும் தாங்களே வேஷம் போட்டு நடித்தார்கள். நிகழ்ச்சி நிலைத்தது, ஆனால் அது குடியிருந்த வீடு நிலைக்கவில்லை. 2011 ஜனவரியில் எம்.டி.வி. கட்டணம் செலுத்துகிறவர்களுக்கு மட்டுமேயான அலைவரிசையாக மாறிற்று. கேம் ஒன், அதே முதலாளிகளின் இன்னோர் அலைவரிசையாகிய "விவா"வுக்கு ஜாகை மாறியது. இதற்கிடையில், 2009-லேயே கீகாவும் டெலிவிஷனிலிருந்து மறைந்து விட்டது.

இவற்றையெல்லாம் பார்த்தபோது, பிறர் வீட்டுத் திண்ணையை நம்பிக் கடை விரிப்பது எத்தனை நாளைக்கு என்ற யோசனை அவர்களுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. 2011-ல் புடிமான், க்ரெட்ஷ்மர், எட்டியென் கார்டே, நில்ஸ் போம்ஹோஃப், ஆர்னோ ஹைனிஷ் ஆகிய ஐவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு கம்பெனி ஸ்தாபித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ராக்கெட் பீன்ஸ்". அதாவது, ஆகாய பாணத்தையும் அவரைக் கொட்டையையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட பெயர்! சிரிக்க வைக்கும் பெயரானாலும் செய்த காரியம் விவேகமானது. முந்நூறுக்கு மேற்பட்ட வாரங்கள் ஒளிபரப்பான கேம் ஒன் 2014-ல் முடிவடைந்தபோது, நிகழ்ச்சி போயிற்றே தவிர, அதைத் தயாரித்த கூட்டம் கலையவில்லை.

2015-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி "ராக்கெட் பீன்ஸ் டி.வி." பிறந்தது. இதற்கு அலைவரிசை கிடையாது. "ட்விட்ச்" என்ற இணைய மேடையில் நேரலையாக நடந்தது. நாளொன்றுக்கு இருபத்து நாலு மணி நேரமும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நேரில் நடத்தியது போக மீதி நேரத்தை மறு ஒளிபரப்பு நிரப்பும். காலையில் அரட்டை, பிறகு விளையாட்டு, சினிமாவைப் பற்றி ஒரு சபை, கால்பந்தைப் பற்றி ஒரு சபை. ஜெர்மானியக் கால்பந்துப் பந்தயத்துக்குப் "பூன்டெஸ்லீகா" என்று பெயர். அவரைக் கொட்டைக்கு ஜெர்மன் மொழியில் "போனெ". இரண்டையும் கலந்து "போன்டெஸ்லீகா" என்று தங்கள் கால்பந்து நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்தார்கள். சிலேடை ஒரு பாஷைக்கு மாத்திரம் சொந்தமான சொத்தல்ல என்பது இதனால் விளங்குகிறது.

வரும்படிக்கு என்ன வழி? ஒரே கையிலிருந்து சம்பளம் வாங்கிய காலம் போய், ஆயிரம் கைகளிலிருந்து சில்லறை வாங்கும் காலம் வந்தது. பார்ப்பவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். மாதச் சந்தா கட்டினார்கள். கம்பெனியின் சின்னம் பொறித்த சட்டைகளை வாங்கினார்கள். விளம்பரமும் வெளியாருக்குச் செய்து கொடுக்கும் தயாரிப்பு வேலையும் மற்ற வழிகள். இவற்றில் நன்கொடைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு ஒருவர் மனமுவந்து பணம் கொடுக்கிறாரென்றால், "இது நின்றுவிடக் கூடாது" என்று அவர் சொல்லுகிறார் என்றுதானே அர்த்தம்? கேம் ஒன் நின்றபோது அப்படிச் சொல்ல அவருக்கு வாய்ப்பு இருக்கவில்லை.

ஆனால் சுதந்திரம் என்பது சுகவாசம் அன்று. வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி தயாரித்தவர்கள், இப்போது நாள் முழுவதையும் நிரப்ப வேண்டியதாயிற்று. ஒரு முதலாளியைத் திருப்தி செய்வது எளிது. திரையின் ஓரத்தில் கணத்துக்குக் கணம் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிக்கொண்டேயிருக்கும் ஆயிரக்கணக்கான எஜமானர்களைத் திருப்தி செய்வது எளிதல்ல. டெலிவிஷனில் ஒரு சொல் தவறினால் வெட்டிவிட்டு மறுபடியும் எடுக்கலாம். நேரலையில் அது நடக்காது.

மேலும், சொந்தக் கொட்டகை என்று நாம் சொன்னாலும், கொட்டகை நின்ற மனை பிறருடையது. 2011-ல் தோன்றிய ட்விட்ச் 2014-ல் அமெரிக்க அமேஸான் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மாதச் சந்தாவில் ஏறக்குறைய பாதியை மேடைக்காரர் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். டெலிவிஷன் முதலாளியை விட்டு இணைய ஜமீன்தாரிடம் குத்தகைக்கு வந்ததுதான் மிச்சமா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அலைவரிசை மூடினால் நிகழ்ச்சியும் மூடியாக வேண்டும். குத்தகைக்காரருக்கோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மனைக்குப் போகும் உரிமை மிச்சமிருக்கிறது. கூட வர ஜனங்கள் இருந்தால் போதும்.

இங்கே ஜெர்மன் சட்டத்தைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம் என்பதை அந்த நாடு இலேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1933-ல் நாஜி அரசாங்கம் 76 மார்க் விலையில் "மக்கள் ரேடியோ" ஒன்றை வெளியிட்டு, வீட்டுக்கு வீடு தன் குரலைக் கொண்டு போய்ச் சேர்த்தது. ஊதுகுழல் ஒரே கையில் அகப்பட்டால் ஒரு தேசத்தின் புத்தி எப்படிக் கெடும் என்பதை ஜெர்மானியர்கள் உயிரையும் ஊரையும் இழந்து தெரிந்துகொண்டார்கள். ஆகையால் யுத்தத்துக்குப் பிறகு ஒலிபரப்பு மத்திய அரசாங்கத்தின் பிடியில் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். பிரதம மந்திரி அடினார் தமக்கு இசைவான ஒரு டெலிவிஷனை அமைக்க முயன்றபோது, 1961-ல் அரசியல் சட்டக் கோர்ட்டு அதைத் தடுத்துவிட்டது. தனியார் டெலிவிஷன் 1984-ல்தான் வந்தது. அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

ஒரு கொடுங்கோலனுக்குப் பயந்து போட்ட வேலி, கடைசியில் விளையாட்டுப் பிள்ளைகளின் காலைத் தடுக்கியது! 2017-ல், "பீட்ஸ்மீட்" என்ற விளையாட்டுக் குழுவினர் இடைவிடாமல் நடத்தி வந்த நேரலைக்கு ஒளிபரப்பு லைசென்ஸ் வேண்டுமென்று மேற்பார்வை அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அந்த நேரலை நிறுத்தப்பட்டது. தொழிலில் இருந்த மற்றவர்களும் திகைத்தார்கள். பிறகு சட்டமே மாறிற்று. 2020 நவம்பர் 7-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய ஒப்பந்தத்தின்படி, ஆறு மாதச் சராசரியில் ஒரே சமயத்தில் பார்ப்பவர்கள் 20,000-க்குக் குறைவாக இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. வேலியை அடியோடு பிடுங்கவில்லை. உயரமான மரங்களைச் சுற்றி மாத்திரம் நிறுத்திக்கொண்டார்கள். இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி, இக்கதையின் மிக ருசிகரமான கட்டம். டெலிவிஷனிலிருந்து வெளியே வந்தவர்களை டெலிவிஷன் ஸ்தாபனங்களே தேடி வந்தன! ஏ.ஆர்.டி., இஸட்.டி.எஃப். இரண்டும் ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு ஸ்தாபனங்கள். வீட்டுக்கு வீடு வசூலிக்கும் கட்டணத்தில் நடப்பவை. 2016-ல் அக்கட்டணம் மாதம் பதினேழரை யூரோ. கட்டணம் செலுத்தும் குடும்பத்துப் பிள்ளைகளோ டெலிவிஷனை விட்டு இணையத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பிடிப்பதற்காக 2016 அக்டோபரில் இரண்டு ஸ்தாபனங்களும் சேர்ந்து "ஃபுங்க்" என்ற இணைய ஏற்பாட்டைத் தொடங்கின. அதற்காக ராக்கெட் பீன்ஸ் கம்பெனியார் அந்த வருஷமே தயாரிக்க ஆரம்பித்த நிகழ்ச்சியின் பெயர் "கேம் டூ". முதலாவது நின்ற இடத்திலிருந்து இரண்டாவது தொடர்ந்தது. முதலாவதை நிறுத்திய விவாவோ, 2018 டிசம்பர் 31-ந் தேதியோடு தானே நின்று போயிற்று.

விவா மறைந்ததில் நமக்குச் சந்தோஷமில்லை. அங்கேயும் பலர் வயிறு வளர்த்திருப்பார்கள். ஆனால் வியாபாரக் கணக்கு ஒன்றை இதில் கவனிக்கலாம். ஸ்டூடியோவும் அலைவரிசையும் முதலாளிகளிடம் இருந்தன. புடிமானிடமும் அவர் நண்பர்களிடமும் இருந்தது, பல வருஷமாகத் தங்களோடு பேசிப் பழகிய ஜனங்களின் நம்பிக்கை ஒன்றுதான். ஸ்டூடியோவைப் பணம் கொடுத்து வாங்கலாம், வாடகைக்கும் பிடிக்கலாம். நம்பிக்கையை அவ்வாறு வாங்க முடியாது. நாள்தோறும் உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும், ஒரே நாளில் இழந்து விடவும் கூடும். ஒளிபரப்பில் பிழைக்க விரும்பும் வாலிபர்கள், எந்த ஸ்தாபனத்தில் உத்தியோகம் காலி இருக்கிறது என்று விசாரிப்பதோடு, தங்களைத் தேடி வருபவர் எத்தனை பேர் என்றும் விசாரித்துக்கொள்வது நல்லது.